மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளை

வடக்கனந்தலில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். அந்த மலையின் தலையில் மேகம் கவிந்தால் கீழே இருக்கும் குடியானவனுக்கு மனம் குளிரும். மலைமேல் பெய்கிற மழைதான் கோமுகி ஆறாக இறங்கி, அணையில் தங்கி, வாய்க்கால் வழியாக அவன் வயலுக்கு வந்து சேருகிறது. நெல்லும் கரும்பும் அந்தத் தண்ணீரில் விளைகின்றன. கரும்பு கச்சிராயபாளையத்துக் கூட்டுறவு ஆலைக்குப் போகிறது. ஆலையை நம்பிப் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. மலைத் தண்ணீரை வேண்டாமென்று சொல்கிறவர் இந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

ஆனால் அதே மலையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளையை?

கல்வராயன் மலையில் பழங்குடியினருக்கென்று அரசாங்கம் நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பிள்ளை தன் மலைப் பிள்ளைகளோடேயே உண்டு, உறங்கி, படித்து வளர்கிறது. மேல் வகுப்புக்காக அடிவாரத்து ஊர் ஒன்றுக்கு இறங்கி வரும்போது பலருக்குப் பதினான்கு, பதினைந்து வயதாகிவிடுகிறது. அதுவரை சமவெளிப் பிள்ளைகளோடு ஒரு நாளாவது ஓடியாடி விளையாடியிராத பையன், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் ஒரு பெரிய வகுப்பின் வாசலில் வந்து நிற்கிறான். எங்கே உட்காருவதென்று அவனுக்குத் தெரியாது. காலியாகக் கிடப்பது கடைசி பெஞ்சி. அங்கே போய் உட்காருகிறான். அந்த இடமே வருஷம் முழுவதும் அவனுக்கு நிலைத்துவிடுகிறது.

அவனை யாரும் அடிப்பதில்லை. வெளியே போ என்று சொல்வதுமில்லை. ஆனால் பேர் சொல்லிக் கூப்பிடாமல் "ஏ, மலைக்காரா" என்கிறார்கள். அவன் பேசும் தமிழின் இழுப்பை அப்படியே பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். உபாத்தியாயர் கேள்வி கேட்கிறார்; பதில் தெரிந்தும் வாய் திறக்க அஞ்சி நிற்கிறான். "சரி, உட்கார்" என்று அவர் அடுத்தவனிடம் போய்விடுகிறார். பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு. பொங்கல் லீவுக்கு மலைக்குப் போன பையன் திரும்பி வராவிட்டால், சில நாள் பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறிக்கிறார்கள். பிறகு பேரையே அடித்துவிடுகிறார்கள். "படிப்பு ஏறவில்லை, காபித் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டான்" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அவனுக்குப் படிப்பு ஏறவில்லையா, பள்ளிக்கூடம் அவனை ஏற்கவில்லையா என்று கேட்பாரில்லை.

எல்லாப் பள்ளிக்கூடமும் இப்படித்தான் என்று சொல்வது அநியாயம். மலைப் பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்க்கும் ஆசிரியர்களும் ஆசிரியைகளும் இருக்கிறார்கள். ஆனாலும் கடைசி பெஞ்சியில் வாய் மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்று சொல்லத்தக்க வகுப்பு தமிழ்நாட்டில் எத்தனை தேறும்?

பெயரிலேயே குழப்பம்

இந்த மலை மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தவரோ என்று வெளியூர்க்காரர் மயங்குவதுண்டு. மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் வந்த பெயர் அது. இவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாக இவர்களே சொல்லி வருகிறார்கள். சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் பச்சை மலையிலும் இதே கதை வழங்குகிறது. அரசாங்கப் பட்டியலில் இவர்கள் பழங்குடியினர். ஒரே மொழி, ஒரே ஆற்றுத் தண்ணீர். மலை ஏறி இறங்கினால் வந்துவிடுகிற தூரம். இருந்தும் இந்த இரு பிள்ளைகளுக்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் எப்படி வந்தது?

சரித்திரம் வெட்டிய பள்ளம் அது. சமவெளியில் 1947ல் சுதந்திரக் கொடி ஏறியது. கல்வராயன் மலையோ மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அது முற்றிலும் அரசின் நேர் நிர்வாகத்துக்கு வந்த வருஷம் 1976. இருபத்தொன்பது வருஷ தாமதம்! அதாவது இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையனின் தாத்தா, தம் பிள்ளைப் பிராயத்தில் ஜாகீர்தாருக்கு அடங்கிய குடியாக இருந்தவர். கள்ளக்குறிச்சி 2019ல் தனி மாவட்டமானது. அதற்குப் பிறகும்கூட, மலைக்குச் சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024ல் தானே முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. இத்தனையும் அந்தப் பையனின் பின்னால் நிற்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து அவன் பேச்சைக் கேலி செய்கிற பையனுக்கு இதில் ஓர் எழுத்தும் தெரியாது. அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பல இனத்துப் பிள்ளைகள் கூடிப் படிக்கும் பள்ளி என்றதும் லண்டனையும் சிங்கப்பூரையும் நினைத்துக்கொள்வது படித்தவர் வழக்கம். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அடிவாரத்து ஊர் ஒன்றின் அரசுப் பள்ளி வகுப்பைப் பார்த்தாலே போதும். நிலக்காரர் பிள்ளை, கரும்பு வெட்டுகிற கூலிக்காரர் பிள்ளை, கடை வைத்திருப்பவர் பிள்ளை, ஊர்த்தெருப் பெண், காலனிப் பெண், பள்ளிவாசல் தெருப் பையன், மலைப் பையன் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். திருப்பூர்ப் பக்கம் போனால் ஹிந்தியும் ஒடியாவும் வங்காளியும் வீட்டில் பேசுகிற குழந்தைகள் தமிழ் அரிச்சுவடியைக் கையில் பிடித்திருக்கிறார்கள்.

ஒரே சோறு, ஒரே சட்டை

இந்தப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டுமென்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922ல் தொடங்கிய குருகுலத்தில், ஒரு சில பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சோறு போடப்பட்டது என்பதற்காக மாகாணமே கொந்தளித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் விட்டுக்கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளின் பந்தியில் எழுந்த அந்தக் கேள்வி ராஜ்யத்தின் அரசியலையே திருப்பிவிட்டது. பிறகு காமராஜர் 1956ல் மதிய உணவைக் கொண்டுவந்தார். இலவசச் சீருடையும் வந்தது. எம்.ஜி.ஆர். 1982ல் சத்துணவாக விரித்தார். 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் போடுகிறார்கள். பசித்த பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைத்ததில் இந்த ராஜ்யத்துக்கு நிகர் குறைவு. அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது.

ஆனால் ஒரே சோறு தின்றால் ஒரே மனம் வந்துவிடுமா? 2018ல் திருப்பூர் மாவட்டத்தில் அவிநாசிக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில், தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்மணி சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் கிளம்பினார்கள். அதையாவது பெரியவர்களின் பழைய புத்தி என்று தள்ளலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை அப்படித் தள்ள முடியாது. தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று முறையிட்ட ஒரு மாணவனை, கூடப் படித்த பையன்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே நிறத்துச் சட்டை. எதுவும் அந்த அரிவாளைத் தடுக்கவில்லை.

அதன் பிறகு அரசாங்கம் நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவாக அமைத்தது. அவர் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது, வகுப்பில் பிள்ளைகளைப் பெயரின் எழுத்து வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் யோசனைகள் உண்டு. கயிற்றை அறுப்பதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு எழுந்தது. எழுத்து வரிசையைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அந்தச் சின்ன யோசனையில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பது பின்னால் விளங்கும்.

ஆலங்கட்டியும் பாம்பும் இல்லாத சண்டை

பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் சிநேகம் வந்துவிடாது என்பதை அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் எழுபது வருஷங்களுக்கு முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறார். துருக்கியில் பிறந்த முஸஃபர் ஷெரீப் என்பவர் அவர். 1954 கோடையில் ஓக்லஹாமா ராஜ்யத்துக் காட்டு முகாம் ஒன்றுக்கு 22 பையன்களை அழைத்துப் போனார். எல்லாரும் பதினோரு வயதுக்காரர்கள். ஒரே நிறம், ஒரே மதம், ஒரே மாதிரி நடுத்தரக் குடும்பம். ஒருவருக்கொருவர் முன்பின் பழக்கமில்லை. அவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டம் தனக்குக் கழுகு என்று பெயர் வைத்துக்கொண்டது. மற்றது பாம்பு என்று வைத்துக்கொண்டது. பிறகு பந்தாட்டமும் கயிறு இழுத்தலும் வைத்து, ஜெயித்தவர்களுக்குப் பரிசு என்றார். அவ்வளவுதான். சில நாட்களுக்குள் ஒருவர் கொடியை மற்றவர் கொளுத்தினார்கள். தங்குமிடம் புகுந்து சூறையாடினார்கள். சாதியும் இல்லை, மதமும் இல்லை. இரண்டு பெயர் போதுமாயிருந்தது!

அடுத்து அவர் செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். இரு கூட்டத்தையும் ஒரே கூடத்தில் சாப்பிட வைத்தார். ஒரே சினிமாவைப் பார்க்க வைத்தார். பலன்? சோற்றை வாரி ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டார்கள். பிறகு ஒரு நாள் முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோயிற்று. (நிறுத்தியவர் பேராசிரியர்தான்.) குழாய் வழியே தேடிக்கொண்டு போய், தொட்டியில் அடைத்திருந்ததை எல்லாரும் சேர்ந்து நீக்கினார்கள். இன்னொரு நாள் சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்ப மறுத்தது. முன்பு ஒருவரையொருவர் எதிர்த்து இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி, அத்தனை பேரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். முகாம் முடிந்து ஊர் திரும்பும்போது, எல்லாரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம் என்று பையன்களே கேட்டார்கள். வழியில் ஒரு கூட்டம் தான் பந்தயத்தில் ஜெயித்திருந்த ஐந்து டாலரைச் செலவழித்து எல்லாருக்கும் பானம் வாங்கிக் கொடுத்தது.

இந்தச் சோதனையில் பெரியவர்கள் பிள்ளைகளைத் தூண்டிவிட்டார்கள் என்று பிற்காலத்தில் குறை சொன்னவர்கள் உண்டு. அது நியாயமான குறையே. ஆனால் தண்ணீர்த் தொட்டியின் கதை கோமுகிக் கரையில் வாழ்கிறவர்களுக்குப் புரியாமல் போகுமா?

துண்டு துண்டாகப் பாடம்

இதைவிட உபாத்தியாயர்களுக்கு உபயோகமான சங்கதி 1971ல் டெக்ஸாஸ் ராஜ்யத்து ஆஸ்டின் நகரில் நடந்தது. வெள்ளை, கறுப்பு, மெக்ஸிகோ வம்சத்துப் பிள்ளைகள் அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்தவர்கள். சட்டம் அவர்களை ஒரே வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தது. உடனே அடிதடி. யோசனை கேட்டு எலியட் ஆரன்சன் என்ற மனோதத்துவப் பேராசிரியரை அழைத்தார்கள். அவர் சில நாள் வகுப்புகளின் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். ஏழெட்டுப் பேர் 'நான் நான்' என்று கையைத் தூக்குகிறார்கள். ஒருவனுக்கு வாய்ப்புக் கிடைத்தால் மற்றவர்களுக்கு முகம் வாடுகிறது. அவன் தப்பாகச் சொன்னால் மறுபடி முகம் மலர்கிறது. வகுப்பே ஒரு பந்தயக் களமாக இருந்தது. பாஷை சரியாக வராத பிள்ளை அந்தக் களத்தில் தலை காட்டுமா? நம் ஊர் வகுப்பும் இதுதானே?

ஆரன்சன் நீதி போதனை எதுவும் செய்யவில்லை. பிள்ளைகளை ஐந்தாறு பேராகக் குழு பிரித்தார். ஒவ்வொரு குழுவிலும் எல்லா இனத்தாரும் இருப்பார்கள். ஒரு பாடத்தை எடுத்து அத்தனை துண்டாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஒரு பெரிய மனுஷியின் வாழ்க்கை வரலாறு என்றால், பிள்ளைப் பருவம் ஒருவனிடம், கல்யாணம் மற்றொருத்தியிடம், பொதுத்தொண்டு மூன்றாமவனிடம். அவரவர் துண்டை அவரவர் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். முழுப் பாடத்துக்கும் பரீட்சை உண்டு.

ஒரு குழுவில் மெக்ஸிகோ வம்சத்துப் பையன் ஒருவன். ஆங்கிலம் திக்கித் திக்கி வரும். அவன் முறை வந்ததும் மற்றவர்கள் வழக்கம்போலக் கேலி செய்தார்கள். பக்கத்தில் நின்ற உதவியாளர் அதட்டவில்லை. "கேலி செய்வது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கலாம், ஆனால் அவனிடம் இருக்கும் பகுதி உங்களுக்கு வேறு வழியில் வராது, பரீட்சை நெருங்குகிறது" என்ற அர்த்தத்தில் நினைவுபடுத்திவிட்டுப் போய்விட்டார். சில நாட்களில் பிள்ளைகள் தாமாகவே கேலியை விட்டு, பக்குவமாகக் கேள்வி கேட்டு அவனிடமிருந்து விஷயத்தை வாங்கக் கற்றுக்கொண்டார்கள். கேள்வி நல்லதாக வந்ததும் அவன் பேச்சும் தெளிந்தது. 'இவன் மந்தன் அல்ல போலிருக்கிறதே' என்று அவர்கள் கண்டுகொண்டது அப்போதுதான். இப்படி நடத்திய வகுப்புகளில் இன வெறுப்புத் தணிந்தது. பள்ளிக்கு வராமல் நிற்பது குறைந்தது. பின்தங்கியிருந்த பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியது. மற்றவர்களுடையது இறங்கவில்லை.

வடக்கனந்தலில் இதைச் செய்ய என்ன செலவு? கோமுகி ஆற்றையே ஒரு நாள் பாடமாக வைக்கலாம். ஊற்றுக்கண்ணும் காடும் ஒரு துண்டு. அணையும் மதகும் ஒரு துண்டு. வாய்க்கால் பாசனம் ஒன்று. கரும்பும் ஆலையும் ஒன்று. யார் கையில் எந்தத் துண்டு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். மலைப் பையனுக்கு மலையைத்தான் கொடுக்க வேண்டுமென்பதில்லை. அவன் ஆலையைப் பற்றிப் படித்து ஊர்ப் பையனுக்குச் சொல்லட்டும், நிலக்காரர் மகள் ஊற்றைப் பற்றி மலைப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பாடப் புத்தகமே போதும்; கத்தரிக்கோல் ஒன்று வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மலைப் பிள்ளைக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்து, ஆண்டு விழாவில் அவனுக்கு இலையும் தழையும் கட்டி மேடையில் ஆட விடுவதும், தேனும் தினையும் கொண்டுவரச் சொல்லிக் காட்சிக்கு வைப்பதும் சில இடங்களில் நடக்கிறது. செய்கிறவர்களின் மனம் நல்லதுதான். ஆனால் கண்காட்சிப் பொருளோடு யாரும் சிநேகம் பிடிப்பதில்லை. அவனும் கணக்குப் போடுகிறவன், கபடி ஆடுகிறவன், பேனா இரவல் கேட்கிறவன் என்று மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிவதே முக்கியம்.

டில்லியும் காசியும்

வெளிநாட்டுக் கதை நம் நாட்டுக்கு ஒத்துவருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நம் நாட்டிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு. டில்லியில் சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற பணக்காரத் தனியார் பள்ளிகள், 2007 முதல் ஏழைப் பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. ஐயோ, எங்கள் குழந்தைகள் கெட்டுப்போவார்களே என்று பெற்றோர் அலறினார்கள். கௌதம் ராவ் என்ற பொருளாதார அறிஞர் அந்தப் பள்ளிகளில் ஆராய்ந்து 2019ல் முடிவை வெளியிட்டார். ஏழைத் தோழர்களோடு படித்த பணக்காரப் பிள்ளைகளுக்கு ஈகைக் குணம் கூடியிருந்தது. ஓட்டப் பந்தயத்துக்குத் துணை ஆள் பொறுக்கச் சொன்னபோது, வேகமாக ஓடுகிற ஏழைப் பிள்ளையை ஒதுக்கும் புத்தி அவர்களிடம் குறைந்திருந்தது. ஆங்கில மதிப்பெண்ணில் சிறு சரிவு கண்டது. ஹிந்தியிலும் கணக்கிலும் சேதமில்லை. இன்னொரு விஷயம்: பெயரின் எழுத்து வரிசைப்படி படிப்புக் குழு பிரித்த பள்ளிகள் சில இருந்தன. எழுத்து நெருங்கியதாலேயே ஒரே குழுவில் விழுந்தவர்களிடம் இந்த மாறுதல் நன்றாகத் தெரிந்தது. நீதிபதி சந்துருவின் யோசனையில் சத்து இருக்கிறது என்றது இதனால்தான். வரிசையில் உட்கார வைப்பதோடு நில்லாமல், அந்த வரிசையிலேயே சேர்ந்து வேலையும் செய்ய வைத்தால் பலன் இரட்டிப்பாகும்.

மற்றொரு சாட்சி காசிப் பக்கத்துக் கிராமங்கள். மாட் லோ என்ற ஆராய்ச்சியாளர் 2017ல் அங்கே வெவ்வேறு சாதி வாலிபர்களை வைத்துக் கிரிக்கெட் பந்தயங்கள் நடத்தினார். சில அணிகள் கலப்பு. சில ஒரே சாதி. ஒரே அணியில் சேர்ந்து ஆடிய வேற்றுச் சாதிக்காரர்களிடையே சிநேகம் வளர்ந்தது. எதிரணியில் நின்று ஆடியவர்களிடையே அப்படியில்லை. சிநேகம் குறையவே செய்தது. ஆட்டம் ஒன்றே, நிற்கிற பக்கம்தான் வேறு!

இதை இன்று நினைவூட்டக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் 'மகிழ் முற்றம்' என்ற ஏற்பாடு வந்தது. பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரித்து, சேர்ந்து செயல்படப் பழக்குவது நோக்கம். அழகான ஏற்பாடு, அழகான பெயர்கள். ஆனால் ஓக்லஹாமாவின் கழுகும் பாம்பும் மனத்தில் இருக்க வேண்டும். குழுவுக்குள் எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்திருக்கிறார்களா என்று தலைமையாசிரியர் பார்க்க வேண்டும். மலைப் பிள்ளைகளை எல்லாம் பொருத்தம் பார்த்துக் குறிஞ்சியில் தள்ளிவிட்டால் தமிழ் இலக்கணம் பிழைக்கும், காரியம் கெட்டுப்போகும். குழுவுக்குக் குழு போட்டியும் கோப்பையும் மட்டும் என்றாகிவிடாமல், ஐந்தும் சேர்ந்தாலொழிய முடியாத வேலை ஒன்றும் வருஷத்தில் இருக்க வேண்டும். தோட்டம் போடுவதாக இருக்கலாம். ஊர்க் குளத்து மீன், பறவை, மரங்களைக் கணக்கெடுப்பதாக இருக்கலாம்.

முன் வரிசையில் இருவர்

எந்த ஏற்பாடும் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் பலிக்கும். பிள்ளைகள் அதைக் கூர்ந்து கவனிப்பவர்கள். ராமேசுவரத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததே. அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுக'ளில் எழுதியிருக்கிறார். ஐந்தாம் வகுப்பில் அவரும் கோயில் அர்ச்சகர் மகன் ராமநாத சாஸ்திரியும் முன் வரிசையில் சேர்ந்து உட்காருவது வழக்கம். புதிதாக வந்த ஆசிரியர் முஸ்லிம் பையனைப் பின்னால் போகச் சொன்னார். இரு பிள்ளைகளும் வீட்டில் போய்ச் சொன்னார்கள். அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்து, பிஞ்சு மனத்தில் விஷத்தைக் கலக்காதீர் என்று கண்டித்தார். ஆசிரியரும் தம் தவறை உணர்ந்தார். பின்னாளில் விஞ்ஞான ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கலாமை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். அவர் மனைவி பரிமாற மறுத்தபோது, தாமே பரிமாறி, பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். மறு வாரமும் அழைத்தார். அந்த முறை அம்மையாரே பரிமாறினார். அந்த அம்மையாரை மாற்றியது பிரசங்கமா? ஒரு வாரத்து அவகாசமும், கணவர் பின்வாங்காததும்தான்.

ஆசிரியர்களுக்கு இதைச் சொன்னால், "எங்களுக்கு நேரமேது?" என்பார்கள். புள்ளிவிவரம் அனுப்புவதும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவிகிதமும் அவர்களைப் பிழிந்தெடுக்கின்றன, அதில் பொய்யில்லை. தேர்ச்சி சதவிகிதத்தைக் கேட்கிற அதிகாரிகள், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த மலைப் பிள்ளைகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை நின்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் அதே காகிதத்தில் கேட்டால், தலைமையாசிரியர்களின் பார்வை தானாகக் கடைசி பெஞ்சிக்குப் போகும். 2025ல் பெஞ்சிகளை 'ப' வடிவில் போட்டுக் கடைசி பெஞ்சியே இல்லாமல் செய்வது என்ற யோசனை எழுந்தது. பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்குமா என்று பெரிய விவாதம் நடந்தது. கழுத்து வலியும் கவனிக்க வேண்டியதே.

கடைசியாக ஒன்று. பள்ளிக்கூடங்களில் பந்தாட்டமும் கபடிப் பயிற்சியும் பெரும்பாலும் நாலு மணிக்கு மேல்தான் நடக்கின்றன. ஊர்ப் பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பையை எறிந்துவிட்டு மைதானத்துக்கு வந்துவிடும். மலைக்குத் திரும்ப வேண்டிய பிள்ளை மணி அடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். அதை விட்டால் இருட்டில் ஏறுவது எப்படி? ஆகவே பள்ளி அணியில் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை. ஆடத் தெரியாததால் அல்ல, பஸ்ஸால். விளையாட்டு வேளையைப் பாட நேரத்துக்கு உள்ளேயே, மதியத்துக்கு நகர்த்துவதற்குப் பணம் காசு வேண்டாம். தலைமையாசிரியர் கால அட்டவணையில் இரண்டு கட்டங்களை மாற்றி எழுதினால் ஆயிற்று. வருகிற ஜூனில் பள்ளி திறக்கிற முதல் வாரத்திலேயே அதைச் செய்துவிடலாம்.